மலையாளி ஆணோ?

அந்தக் கேள்விக்கு அம்சவள்ளி பொய் சொல்லவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

"மலயாளி ஆணோ?" என்று போனில் ஒரு பெண் கேட்டாள். மலையாளியா என்று அர்த்தம். "ஆமாங்க" என்றாள் அம்சவள்ளி. இதில் பொய் எங்கே இருக்கிறது? கல்வராயன் மலையில் பிறந்த அவளுக்குத் தாசில்தார் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த சாதிச் சான்றிதழில் 'மலையாளி' என்றுதான் போட்டிருக்கிறது. மலைமேல் இருக்கிற சனங்களுக்கு அந்தப் பெயர். வீட்டில் பேசுவது தமிழ், சண்டை போடுவது தமிழ், தூக்கத்தில் உளறுவதும் தமிழ். கேரளாவுக்கும் அந்தப் பெயருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

திருச்சூரிலிருந்து பேசிய பெண்ணுக்கு அதெல்லாம் எப்படித் தெரியும்? "ஆஹா!" என்று ஒரு சந்தோஷச் சத்தம் வந்தது. அதற்கப்புறம் மலையாளம் கொட்டோ கொட்டென்று கொட்டியது. அம்சவள்ளி டவர் பாறையின் உச்சியில், போனை வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டு, மூச்சு விடாமல் நின்றாள். அவள் காதில் முழுசாக விழுந்தவை நாலே சொற்கள். அடுத்த, சனியாழ்ச்ச, பத்து மணி, வீடியோ. "ஓகே?" என்றது போன். "ஓகே" என்றாள். கட்டாகிவிட்டது.

வருகிற சனிக்கிழமை இல்லை, அதற்கடுத்த சனிக்கிழமை. பன்னிரண்டு நாள் இருக்கிறது.

"யாருடி அது? எங்க எஸ்டேட்டு சூப்ரவைசர் சம்சாரமாட்டம் பேசுறா?"

பாறைக்குக் கீழேயிருந்து குரல் வந்தது. பெரியம்மாள். அம்சவள்ளியின் அப்பாவுக்குப் பங்காளி வழியில் தங்கை. திருப்பூரில் இருக்கிற மகனிடம் பேச வந்தவள், தன் போனை மடியில் கட்டிக்கொண்டு, அண்ணாந்து பார்த்தபடி நின்றாள். இன்னாடு பக்கத்தில் இருக்கிற அந்தச் சின்ன ஊரில் போன் பேச வேண்டுமானால் எல்லோரும் அந்தப் பாறைக்குத்தான் வர வேண்டும். கல்யாணப் பேச்சு, ஆட்டு வியாபாரம், புருஷன் பெண்டாட்டி சண்டை எல்லாம் அதன்மேல்தான் நடக்கும். அதனால் அந்த ஊரில் ஒருத்தருக்கும் ரகசியம் என்று ஒன்று கிடையாது. அம்சவள்ளிக்கு மட்டும் நாலு இருந்தன. நாலும் நோட்டுகள்.

அவள் அம்மாவும் அப்பாவும் வருஷா வருஷம் தை பிறந்ததும் இடுக்கிக்கு மிளகு பறிக்கப் போவார்கள். ஒரு வருஷம் அம்மா கொண்டுவந்த மிளகுப் பொட்டலம் மலையாளப் பேப்பரில் மடித்திருந்தது. புளியங்கொட்டைகளை வட்டம் வட்டமாக அடுக்கி வைத்த மாதிரி எழுத்து. அம்சவள்ளி மிளகைக் கொட்டிவிட்டுப் பேப்பரை எடுத்து வைத்துக்கொண்டாள். மறுநாள் பாறைமேல் ஏறி, எழுத்து அட்டவணை ஒன்றைப் போனில் இறக்கினாள். ஒரு வாரத்தில் அந்தப் பேப்பரிலிருந்து 'மழ' என்ற சொல்லைப் படித்தாள். மழை! அவ்வளவுதான், பைத்தியம் பிடித்துவிட்டது. கள்ளக்குறிச்சிக்குப் போய் மஜீத் பாய் கடையில் கோடு போட்ட நோட்டு வாங்கினாள். "எத்தினாவது படிக்கிறம்மா?" என்று பாய் கேட்டதற்குச் சும்மா தலையாட்டி வைத்தாள். பதினான்கு மாதத்தில் நாலு நோட்டு. ஆயிரத்துச் சொச்சம் சொற்கள். வெள்ளம் என்றால் தண்ணீராம். அவசரம் என்றால் வாய்ப்பாம். பட்டி என்றால் நாயாம். ஆடு மேய்க்கும்போது ஒவ்வொரு சொல்லையும் திருடின வெல்லக்கட்டி மாதிரி வாயை மூடிக்கொண்டே ருசித்தாள்.

வாயை மூடிக்கொண்டே என்பதுதான் முக்கியம். அந்த ஆயிரத்தில் ஒன்றைக்கூட அவள் சத்தமாகச் சொன்னதில்லை.

காரணம் இருந்தது. பதினொன்றாம் வகுப்புக்குச் சமவெளியில் ஒரு விடுதிப் பள்ளியில் சேர்த்திருந்தார்கள். ஒரு நாள் ஆறு ஆறு பேராக வட்டம் கட்டி உட்காரவைத்து, ஆளுக்கு இரண்டு நிமிஷம் இங்கிலீஷில் பேசச் சொன்னார்கள். எழுதச் சொல்லியிருந்தால் நாலு பக்கம் எழுதியிருப்பாள். வாயைத் திறந்தாள். காற்றுகூட வரவில்லை. மற்ற ஐந்து பேரும் சிரித்தார்கள். ரொம்ப இல்லை, கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சமே அவளுக்குப் போதுமாக இருந்தது. பொங்கல் லீவுக்கு மலைக்கு வந்தவள் திரும்பிப் போகவில்லை. மொழி என்றால் தனியாக உட்கார்ந்து படிக்கிற சமாச்சாரம், வட்டம் கட்டினால் செத்தோம் என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாள்.

அப்படி இருந்தவள்தான் போன மாதம் போனில் ஒரு விளம்பரம் பார்த்தாள். திருச்சூர்ப் பக்கம் ஒரு முதியோர் இல்லம். கண் மங்கிப்போன பெரியவர்களுக்குப் பேப்பர் வாசித்துக் காட்டவும், பேச்சுத் துணையாக இருக்கவும் பெண்கள் தேவை. ஆறு மாதப் பயிற்சி, சர்டிபிகேட், தங்க இடம். மலையாளம் வாசிக்கத் தெரிய வேண்டும். வாசிக்கத் தெரியுமே! இந்த உலகத்தில் அவளுக்கென்றே யாரோ யோசித்து வைத்த வேலை மாதிரி இருந்தது. இல்லாவிட்டால் அடுத்த தையில் அம்மாவோடு மிளகு பறிக்கப் போக வேண்டும். ஒரு வருஷம் போயிருக்கிறாள். மரத்தில் சாய்த்த ஒற்றை மூங்கில் ஏணியில் மூன்றாவது கணுவிலேயே தலை சுற்றி, கொடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதவள் அவள். யாரிடமும் சொல்லாமல் விண்ணப்பத்தை நிரப்பினாள். சமுதாயம் என்ற இடத்தில் 'மலையாளி' என்று போட்டாள். இப்போது போன் வந்துவிட்டது.

"ஒண்ணுமில்ல அத்த" என்றாள் பாறையிலிருந்து இறங்கி.

"ஒண்ணுமில்லாததுக்கா அவ இவ்ளோ நேரம் பேசுனா? இன்னா சொன்னான்னு புரிஞ்சிதா உனக்கு?"

"கொஞ்சம்."

"எனக்கு முக்காவாசி புரிஞ்சிது. அந்த சனிக்கெழம வீடியோவுல பரீச்ச வெக்கிறாளாம். மொதல்ல பேப்பர் படிச்சிக் காட்டணுமாம். அப்பறம் அங்க இருக்கிற ஒரு வயசான அம்மாகிட்ட பேசிக் காட்டணுமாம். நீ மலையாளின்றதால உனக்கு ஈசிதானாம்."

அம்சவள்ளி வாயைப் பிளந்தாள். பெரியம்மாள் பள்ளிக்கூடத்து வாசலை மிதித்ததில்லை. ரேஷன் கடையில் கைநாட்டு. ஆனால் பதினோரு வருஷம் இடுக்கியில் மிளகு பறித்தவள்.

"அவங்க என்ன கேரளாக்காரின்னு நெனச்சிட்டாங்க அத்த. இது ஏமாத்துறது ஆவாதா?"

"கேட்டா, சொன்ன. சர்டிபிகேட்டு இருக்குது. இதுல இன்னா ஏமாத்து?" பெரியம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "ஆமா, உனக்கு எப்படிடி மலையாளம் தெரியும்?"

வேறு வழியில்லாமல் சொன்னாள். பெரியம்மாளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "நாலு நோட்டா? ஒருத்தருகிட்டயும் பேசாமலா? சோறாக்கி சோறாக்கி பானையிலயே மூடி வெச்சிக்கினு இருந்தியா? நாளைக்குப் புளி தட்ட வா. நானும் இலக்கியாவும் இருக்கறம். பேசலாம்."

"வேணாம் அத்த. நான் தனியாவே படிச்சிக்கிறேன்."

மூன்று நாள் தனியாகப் படித்தாள். வீடியோ பார்த்தாள். ஆடுகளிடம் பேசிப் பார்த்தாள். "சுகமாணோ?" என்று வெள்ளாட்டைக் கேட்டாள். ஆடு தழையை மென்றுகொண்டே தலையாட்டியது. "சாய குடிச்சோ?" என்றாள். அதற்கும் தலையாட்டியது. ஆடுகள் எல்லாவற்றுக்கும் தலையாட்டின. திருச்சூர்க்காரி அப்படித் தலையாட்டுவாளா?

நாலாவது நாள் காலையில் வீட்டு வாசலில் தொப்பென்று ஒரு சத்தம். எட்டிப் பார்த்தாள். புளி மூட்டை. பின்னாலேயே இன்னொரு மூட்டை. பெரியம்மாளும், அவள் மருமகள் இலக்கியாவும் மூச்சு வாங்க நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால், தட்டுகிற கல்லையும் கட்டையையும் தலையில் சுமந்துகொண்டு பெரியம்மாளின் புருஷன் சின்னக்கண்ணு.

"நீ வரல. அதான் புளி வந்துச்சி" என்றாள் பெரியம்மாள்.

வாசலில் சாக்கை விரித்து உட்கார்ந்தார்கள். ஓட்டை உடைத்து, நாரை உருவி, கல்லில் வைத்து ஒரு தட்டுத் தட்டிக் கொட்டையைப் பிதுக்க வேண்டும். கை அது பாட்டுக்கு வேலை செய்யும். வாய் சும்மா இருக்கும். பெரியம்மாள் சட்டம் போட்டாள். இனிமேல் மலையாளம்தான். எவள் வாயிலிருந்து தமிழ் வருகிறதோ, அவள் மற்றவர்கள் குவியலிலிருந்து ஒரு கை புளி எடுத்துத் தன் பங்கோடு சேர்த்துத் தட்ட வேண்டும்.

"அப்ப நானு?" என்றார் சின்னக்கண்ணு ஆசையாக.

"நீ தெரிஞ்சி வெச்சிக்கினு இருக்கிறது அத்தினியும் கெட்ட வார்த்த. எஸ்டேட்டு லாரிக்காரன்கிட்ட கத்துக்கினது. வாயத் தொறக்கக் கூடாது."

சின்னக்கண்ணு வாயை மூடிக்கொண்டு நார் உருவினார். ஆனால் அவ்வப்போது ஏதோ சொல்ல வந்து, தானே சிரித்துக்கொண்டார்.

முதல் சண்டை ஐந்தே நிமிஷத்தில் வந்தது. இலக்கியா 'வூடு' என்றாள். பெரியம்மாள் "எடு ஒரு கை" என்றாள்.

"ஏன்? மலையாளத்துலயும் வூடுதான!"

இரண்டு பேரும் அம்சவள்ளியைப் பார்த்தார்கள். அவள் உள்ளே ஓடி நோட்டை எடுத்து வந்து புரட்டினாள். முதன்முதலாக அந்த நோட்டு வெயிலைப் பார்த்தது. "மலையாளத்துல வீடு" என்றாள் மெல்ல. "வூடுன்னா தமிழு. வீடுன்னா மலையாளம்."

"கேட்டியா? எடு ஒரு கை!"

"அட, பொஸ்தகத் தமிழ்ல பேசுனா அது மலையாளமாயிடுமா?" என்று புலம்பிக்கொண்டே இலக்கியா புளியை எடுத்தாள். அம்சவள்ளி தன்னை மறந்து சிரித்தாள். "நீ பேசுனதும் தமிழுதான, நீயும் எடு" என்று பெரியம்மாள் அவள் பக்கம் ஒரு கையை அள்ளிப் போட்டாள்.

அடுத்து பெரியம்மாளே மாட்டினாள். எஸ்டேட்டில் காலையில் என்ன சாப்பிடுவார்கள் என்று சொல்ல வந்தவள் "புட்டும் பயமும்" என்றாள்.

அம்சவள்ளிக்குத் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. சொல்லலாமா? பெரியவள் ஆயிற்றே? நோட்டிலிருந்து ஒரு ஆயிரம் சொற்கள் அவளை முதுகில் பிடித்துத் தள்ளின. "அத்த, அது பழம். ழ. பயம்னா அங்கயும் பயம்தான்."

இலக்கியா கட்டையைக் கீழே போட்டுவிட்டாள். "புட்டுக்குப் பயத்தத் தொட்டுக்கினியா அத்த, பதினோரு வருஷமா?"

"அதான் அந்தக் கேண்டீன்காரி என்னப் பாத்தாலே பயந்தா" என்றாள் பெரியம்மாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவளும் சிரித்தாள். அப்புறம் நெஞ்சில் கை வைத்து, நாக்கை மேலே வளைத்து, "பழம். பழம். பழம்" என்று மூன்று தரம் சொன்னாள். யாரும் வெட்கப்பட்டுச் சாகவில்லை. அம்சவள்ளி அதைக் கவனித்தாள். தப்பாகச் சொல்லி, எல்லோரும் சிரித்து, அதற்கப்புறமும் பெரியம்மாள் அங்கேயே உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்தாள்!

அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் அம்சவள்ளியின் வாயிலிருந்து முப்பது வாக்கியம் வந்திருக்கும். பாதி தப்பு.

மறுநாள் பெரியம்மாள் சொன்னாள்: "கிளாஸ்ல டீய ஊத்தி நீட்டிக்கினு 'இன்னா'ன்னா அந்தக் கேண்டீன்காரி, மொத வருஷம். டீதான், போட்ட உனக்கே தெரியாதான்னு கேட்டுட்டேன். மூணு நாளு இப்படியே நடந்துச்சி. அவ இன்னான்றா, நான் டீன்றேன். அப்பறம்தான் தெரியுது, அவுங்க ஊர்ல 'இன்னா'ன்னா 'இந்தா, புடி'ன்னு அர்த்தமாம். நம்ம இன்னாவுக்கு அவுங்க 'எந்தா'ம்பாங்க."

அதன்பின் அதிகமாகப் புளி சேர்த்தது இந்த 'இன்னா'தான். வாயைத் திறந்தால் முதலில் அதுதானே வருகிறது? "எந்தா, எந்தா" என்று நூறு தரம் சொல்லிப் பழகினாலும், யாராவது திடீரென்று கூப்பிட்டால் "இன்னா?" என்று குதித்து வந்தது. எடு ஒரு கை!

ஆனால் இவர்கள் கொடுப்பதையெல்லாம் அப்படியே வாங்கிக்கொள்ளவும் முடியவில்லை. வயதான அம்மா விடாமல் பேசினால் என்ன சொல்வாய் என்று பெரியம்மாள் பரீட்சை வைத்தாள். பதிலையும் அவளே சொன்னாள்: "மிண்டாதிரிக்கடீ!"

"அய்யோ அத்த, அது 'வாய மூடுடி'!"

"அப்படியா? எங்க சூப்ரவைசரு தெனமும் காலையில அதத்தான் சொல்லுவான். நான் குட்மார்னிங்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

சிரிப்புக்கு நடுவில் அம்சவள்ளிக்குச் சுருக்கென்றது. பதினோரு வருஷமாக இவர்கள் காதில் விழுந்த மலையாளம் இதுதான். வாடி, போடி, வேகம், மிண்டாதே. அவள் நோட்டைத் திறந்து, 'நிங்ஙள்' என்பதைக் காட்டினாள். நீங்கள். 'இரிக்கூ' என்பதைக் காட்டினாள். உட்காருங்கள். "இத உங்ககிட்ட யாருமே சொன்னதில்லையா?" என்று கேட்டாள். தமிழில் கேட்டதற்கு அன்றைக்கு யாரும் புளி தரவில்லை.

அன்று மாலை இலக்கியா தன் போனை நீட்டினாள். இரண்டு வருஷமாக வாட்ஸப்பில் அவள் முகப்புப் படம் அதுதான். எஸ்டேட் பங்களா கேட்டுக்கு முன்னால், பூப்போட்ட துப்பட்டாவோடு சிரித்துக்கொண்டு நிற்கிறாள். தலைக்குப் பக்கத்தில் அழகான பலகை. "இதுல இன்னா எழுதியிருக்குது, படி."

அம்சவள்ளி படித்தாள். இன்னொரு தரம் படித்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"சொல்லுடி!"

"பட்டியுண்டு, சூக்ஷிக்குக."

"அப்படின்னா?"

"நாய் இருக்கு, ஜாக்கிரத."

சின்னக்கண்ணு வாயில் வைத்திருந்த வெற்றிலை வெளியே தெறித்துவிட்டது. இலக்கியா தலையில் கை வைத்தாள். "என் மூஞ்சிக்குப் பக்கத்துலயா? ரெண்டு வருஷமா? அதுக்கு எங்க மேஸ்திரி தம்ஸப்பு வேற போட்டுக்கினு இருந்தானே!" அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. ஒரு நிமிஷம் கழித்து, புளிப்பசை ஒட்டின விரலால் சாக்கில் ஒரு வட்டம் போட்டுக் காட்டினாள். "மொத எழுத்து எது? எனக்குச் சொல்லு. இனிமே எந்தப் பலகைக்குப் பக்கத்துலயும் நான் தெரியாம நிக்க மாட்டேன்."

அப்படித்தான் ஒரு வேளை எழுத்து, ஒரு வேளை பேச்சு என்று ஆனது. ஆனாலும் விடியற்காலையில் அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து தனியாக நோட்டு எழுதுவதை அம்சவள்ளி விடவில்லை. அந்த நேரம் அவளுக்கு வேண்டியிருந்தது. முந்தின நாள் சாக்கின்மேல் இறைந்து கிடந்த சொற்களையெல்லாம் பொறுக்கி எடுத்து வரிசையாக வைக்கிற நேரம் அது. முன்பு நோட்டில் சொல் மட்டும்தான் இருக்கும். இப்போது ஒவ்வொரு சொல்லுக்குப் பக்கத்திலும் ஒரு குரல் கேட்டது.

சனிக்கிழமை வந்தது.

ஒன்பதரைக்கே பாறைமேல் ஏறிவிட்டாள். தலையை வழித்து வாரி, அம்மாவின் நீலப் புடவை கட்டியிருந்தாள். இடுக்கியிலிருந்து அம்மா முந்தின நாள் போனில் சொல்லியிருந்தாள்: "கெடச்சா போ. ஏணி வேணாம் உனக்கு." பாறைக்குப் பின்னால், வீடியோவில் தெரியாத இடமாகப் பார்த்து மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். சும்மா உட்கார முடியாது என்று புளியையும் கல்லையும் கொண்டுவந்திருந்தார்கள்.

"சத்தம் போடக் கூடாது" என்று கெஞ்சினாள் அம்சவள்ளி.

"மிண்ட மாட்டோம்" என்றாள் பெரியம்மாள்.

சரியாகப் பத்து மணிக்குத் திரையில் முகம் வந்தது. கண்ணாடி போட்ட, நாற்பது வயது மதிக்கத்தக்க பெண். பெயர் ஷைலஜா. ஒரு பேப்பரைக் கேமராவுக்கு நேராகப் பிடித்து, வாசிக்கச் சொன்னாள். மழை, ஆறு, மூன்று நாள் பஸ் ஓடாத ஒரு பாலம். முதல் வரியில் குரல் நடுங்கியது. ஆனால் அந்தப் புளியங்கொட்டை எழுத்துகள் அவளுக்குப் பழக்கமான முகங்கள். இரண்டாவது வரியில் நடுக்கம் போய்விட்டது. கடைசி வரியில் ஷைலஜா பேப்பரை இறக்கிவிட்டு, "நன்னாயி!" என்றாள். நன்றாக இருந்தது!

அம்சவள்ளி பறந்தாள். பாதி முடிந்துவிட்டது!

அப்புறம் போன் கை மாறியது. திரை முழுக்க ஒரு வயதான முகம். வெள்ளை முடி, பல் இல்லாத வாய், எதையும் சரியாகப் பார்க்காத கண்கள். நாராயணியம்ம என்று ஷைலஜா சொன்னாள். நாராயணியம்ம பேச ஆரம்பித்தாள். பல் இல்லாத மலையாளம் எந்த வீடியோவிலும் இல்லை, எந்த எஸ்டேட்டிலும் இல்லை. வழவழவென்று வழுக்கிக்கொண்டு ஓடியது. கடைசியில் குரல் தூக்கி நின்றது. கேள்வி. அம்சவள்ளிக்கு ஒரு சொல்கூடப் புரியவில்லை.

வாயைத் திறந்தாள். காற்று வரவில்லை.

அதே வகுப்பறை. அதே வட்டம். திரையில் நாராயணியம்ம காதைச் சாய்த்துக் காத்திருந்தாள். முடிந்தது. எல்லாம் முடிந்தது. அடுத்த தையில் ஏணி.

டொக். பாறைக்குப் பின்னால் யாரோ பழக்க தோஷத்தில் ஒரு புளியைத் தட்டிவிட்டார்கள். டொக்.

அந்தச் சத்தம் காதில் விழுந்ததும், எட்டு நாளாக அந்தச் சத்தத்தோடு சேர்ந்தே திறந்து பழகின வாய் தானாகத் திறந்தது.

"இன்னா?"

நாக்கைக் கடித்துக்கொண்டாள். எந்தா! எந்தா என்று சொல்லியிருக்க வேண்டும்! பாறைக்குப் பின்னால் 'ஸ்ஸ்' என்று இலக்கியா மூச்சை இழுத்தாள்.

நாராயணியம்ம ஆச்சரியமாகப் புருவத்தைத் தூக்கினாள். அப்புறம், சாமி பிரசாதம் வாங்குகிற மாதிரி உள்ளங்கையைத் திரைக்கு முன்னால் நீட்டினாள். "இன்னாயோ? எந்தா தரான் போணே?" இந்தாவா? என்ன தரப் போகிறாய்?

கீழேயிருந்து ஒரு கை பாறை விளிம்புக்கு வந்தது. பெரியம்மாளின் கை. அதில் ஒரு உருண்டை புளி.

அம்சவள்ளி வாங்கித் திரைக்கு நேரே பிடித்தாள். "இன்னா, புளி."

"எனிக்குக் காணான் வய்யா" என்றாள் நாராயணியம்ம. எனக்குப் பார்க்க முடியாதே.

பார்க்க முடியாதவளுக்கு எப்படிக் காட்டுவது? சொல்லித்தான் காட்ட வேண்டும். அம்சவள்ளி சொன்னாள். எங்கள் மலையில் காய்த்த புளி, அம்மே. இந்த வருஷத்துப் புதுப்புளி. கறுக்கவே இல்லை, செம்மண் நிறம். மேலே பிசுபிசுவென்று இருக்கிறது. நுனியில் கொஞ்சம் இனிக்கும், அப்புறம் காது வரைக்கும் புளிக்கும். இடையிடையே சொல் தட்டிப்போய்த் தமிழ் வந்தது, வரட்டும் என்று விட்டாள். எங்கே 'ழ' வந்தாலும் நாக்கைப் பெரியம்மாள் மாதிரி மேலே வளைத்தாள்.

நாராயணியம்ம வாயைச் சப்புக் கொட்டினாள். "எண்டெ வாயில் வெள்ளம் வன்னு!" என்றாள். வாயில் வெள்ளமே வந்துவிட்டதாம்! அம்சவள்ளி கலகலவென்று சிரித்தாள். மலையாளத்துக்கு உள்ளேயிருந்து அவள் சிரித்த முதல் சிரிப்பு அது.

"எவிடெயா குட்டீடெ வீடு?" எங்கே உன் வீடு?

"இன்னாடு" என்றாள்.

"இன்னா, நாடோ?" நாராயணியம்ம கை தட்டினாள். இந்தா, நாடா! புளி கொடுத்தாள், இப்போது நாட்டையே கொடுக்கிறாள் என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அங்கே யார் யாரோ சிரிக்கிற சத்தம் கேட்டது. அந்தச் சிரிப்புக்கு அம்சவள்ளி பயப்படவில்லை. சிரிக்க வைத்தது தானல்லவா?

போன் திரும்ப ஷைலஜாவிடம் வந்தது. அவள் முகத்திலும் சிரிப்பு இருந்தது, ஆனால் நெற்றியில் ஒரு யோசனை. மலையாளிதான், ஆனால் இது எந்த ஊர்ப் பேச்சு, நான் கேட்டதே இல்லையே என்றாள்.

பாறைக்குக் கீழே பெரியம்மாள் இரண்டு கையையும் ஆட்டினாள். சொல்லாதே, சொல்லாதே! பாலக்காடு என்று சொல்லிவிட்டால் தமிழ் கலந்த பேச்சு என்று நம்பிவிடுவாள். ஆனால் பன்னிரண்டு நாளாக அம்சவள்ளியின் மனசில் முள்ளாகக் குத்தியது அந்த ஒன்றுதான்.

"ஞான் மலயாளியாணு" என்றாள். "பக்ஷே மலயாளம் எண்டெ பாஷயல்ல. படிச்சதாணு." நான் மலையாளிதான். ஆனால் மலையாளம் என் மொழி இல்லை. படித்தது. மலையைப் பற்றி, சான்றிதழைப் பற்றி, தெரிந்த சொற்களில் சொன்னாள்.

திரை அசையவில்லை. டவர் போய்விட்டதோ என்று அம்சவள்ளி போனை உயர்த்தினாள். போகவில்லை. ஷைலஜா அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள், யாரிடம் படித்தாய் என்று.

"ஒற்றய்க்கு" என்றாள் அம்சவள்ளி. தனியாக.

"ஒற்றய்க்கோ?"

கேட்டது ஷைலஜா இல்லை. பாறைக்குப் பின்னாலிருந்து பெரியம்மாளின் தலை எழுந்தது. தலையெல்லாம் புளி ஓடு. "ஒற்றய்க்கோடீ? அப்ப நாங்க யாரு? ரெண்டு மூட்ட புளி தட்டுனது யாரு?" அவளைப் பிடித்து இழுக்க எழுந்த இலக்கியாவும் திரையில் தெரிந்தாள். இரண்டு பேரையும் உட்காரவைக்க எழுந்த சின்னக்கண்ணுவும் தெரிந்தார். கேமராவைப் பார்த்ததும் மரியாதையாக ஏதோ சொல்ல வாயைத் திறந்தவர், தனக்குத் தெரிந்ததெல்லாம் என்ன என்று நினைவு வந்து, கும்பிடு மட்டும் போட்டார்.

ஷைலஜா கண்ணாடியைக் கழற்றி, கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிரித்துச் சிரித்து வந்த கண்ணீர். "இவரொக்கெ ஆரா?" இவர்களெல்லாம் யார்?

அம்சவள்ளி திரும்பிப் பார்த்தாள். மறுபடி திரையைப் பார்த்தாள். "எழுத்து ஒற்றய்க்கு" என்றாள். "வர்த்தமானம் எல்லாரும் கூடி." எழுத்து தனியாக. பேச்சு எல்லோரும் சேர்ந்து.

ஷைலஜா தலையசைத்தாள். அப்புறம் வேகமாக ஏதோ சொன்னாள். இந்தத் தடவை அம்சவள்ளிக்கு ஒரு சொல்கூடத் தப்பவில்லை. "சரி சேச்சி, சரி சேச்சி" என்றாள். போன் கட்டாகியது.

"இன்னாடி சொன்னா?" மூன்று பேரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

அம்சவள்ளிக்கு மூச்சு வாங்கியது. கையில் இன்னும் அந்தப் புளி உருண்டை இருந்தது. "இன்னா" என்று அதைப் பெரியம்மாளின் வாயில் திணித்தாள். "ஒண்ணாந்தேதி வரச் சொல்லிட்டாங்க அத்த! மொத ரெண்டு மாசம் பேச்சு பழகணுமாம், ஆனா எடம் எனக்குத்தானாம்!"

பெரியம்மாள் புளியைச் சப்பிக்கொண்டே, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, அவளை முறைத்தாள்.

"தமிழ்லயா சொல்ற? எடுடி ஒரு கை."